எடை இறங்காத மாதங்கள்

உடல் எடையைக் குறைக்க முற்படுவோரில் பெரும்பாலோருக்கு முதல் சில வாரங்களில் எடை எளிதாக இறங்குவதும், ஆறாம் மாதத்தை ஒட்டி அந்த இறக்கம் நின்றுபோவதும், பிறகு இழந்த எடை மெல்லத் திரும்புவதும், அந்தக் கட்டத்தில் முயற்சியே கைவிடப்படுவதும் மருத்துவர்கள் உலகெங்கும் கண்டுவரும் ஒழுங்கு. இந்தக் கைவிடலை வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும், பல சமயங்களில் முயன்றவரே கூட, மனவுறுதி போதவில்லை என்ற ஒரே தீர்ப்பில் முடித்துவிடுகின்றனர். உடலியலும் உளவியலும் கடந்த ஐம்பது ஆண்டுகளில் சேர்த்துள்ள சான்றுகள் அந்தத் தீர்ப்புக்குத் துணைநிற்கவில்லை. அச்சான்றுகளில் மிக முக்கியமான ஒன்று சென்னை ராயபுரத்தில் உருவானது. அங்கிருந்து வடக்கே கடலோரமாகச் சென்றால் எட்டக்கூடிய எண்ணூர் முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களில் வாழ்வோருக்கு அது வேறு எவரையும்விட நெருக்கமான செய்தியாக இருந்தும், அவர்களிடையே அது போதிய அளவு பேசப்படவில்லை.

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் கழிமுகத்தையொட்டிய மீனவர் குடியிருப்பே முகத்துவாரக்குப்பம். அசோக் லேலண்டு தொழிற்சாலையும், வடசென்னை அனல் மின் நிலையமும், 2001இல் இயங்கத் தொடங்கிய காமராஜர் துறைமுகமும், மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சூழ்ந்த பகுதியில் அமைந்துள்ளன. துடுப்புப் போட்டுக் கட்டுமரம் செலுத்திய தலைமுறைக்குப் பின் இன்ஜின் பொருத்திய ஃபைபர் படகின் தலைமுறையும், அதற்கும் பின் காண்ட்ராக்ட் வேலை, செக்யூரிட்டி வேலை, லாரி ஓட்டுதல் என்று கரையேறிவிட்ட தலைமுறையும் இப்பகுதியில் அடுத்தடுத்து வளர்ந்திருக்க, உடலுழைப்பு படிப்படியாகக் குறைந்துள்ளது. அந்த உழைப்பை நம்பி அளவிடப்பட்ட சோற்றுத் தட்டோ பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கிறது. இது இக்கரைக்கு மட்டும் உரிய மாற்றமன்று. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் கொண்டவர்கள். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முந்தைய ஆய்வில் பெண்களுக்கான எண் 30.9 ஆக இருந்தது. இந்த ஆய்வு உடல் நிறைக் குறியீட்டெண் 25 என்பதை எல்லையாகக் கொண்டது. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பதே அந்தக் குறியீட்டெண். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 64 கிலோ எடை இருந்தால் அவருடைய எண் 25. இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரை நோயும் வந்துவிடுவதால், 2009இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் கூடி 23ஐ மிகை எடையின் தொடக்கமாகவும் 25ஐ உடற்பருமனின் தொடக்கமாகவும் வகுத்தனர்.

ராயபுரத்து ஆய்வுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. பேராசிரியர் எம். விஸ்வநாதன் 1954இல் ராயபுரத்தில் நிறுவிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை, அந்த ஒரு நோய்க்கென்றே தனியாக மருத்துவமனை அமைப்பது அரிதாக இருந்த காலத்தில் தோன்றியது. அதைச் சார்ந்து வளர்ந்த ஆய்வு மரபில் வந்தவர்களில் ஒருவர் மருத்துவர் அ. ராமச்சந்திரன். அவரும் உடனாய்வாளர்களும் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம் என்னும் ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளியாயின. உணவுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை இயல்பைவிட உயர்ந்தும் நோய் என்று சொல்லும் அளவை எட்டாமலும் இருக்கும் நிலை, அதாவது நீரிழிவுக்கு முந்தைய நிலை, கொண்ட 531 பேர் இதில் பங்கேற்றனர். அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும் தரப்பட்டது. ஒரு குழுவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம், அதாவது தினமும் குறைந்தது அரை மணி நேரம் வேகமாக நடப்பதும், சர்க்கரை, தீட்டிய தானியம், எண்ணெய் ஆகியவற்றைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டுவதும் கற்றுத் தரப்பட்டன. ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காம் குழுவுக்கு மாற்றமும் மாத்திரையும் சேர்ந்து. உடலுழைப்புள்ள வேலை செய்பவர்களையும் நெடுந்தூரம் நடந்தோ சைக்கிளிலோ வேலைக்குச் செல்பவர்களையும் புதிதாக எதையும் செய்யச் சொல்லாமல், இருக்கும் உழைப்பையே தொடரச் சொன்னார்கள் என்பது கவனிக்கத்தக்க நுணுக்கம்.

மூன்றாண்டுகளின் முடிவில், பொது அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 விழுக்காட்டினர் நீரிழிவு நோயாளிகளாகிவிட்டிருந்தனர்; வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களில் அந்த எண் 39.3. நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ கால் பங்குக்கும் மேலாக, துல்லியமாகச் சொன்னால் 28.5 விழுக்காடு, குறைந்திருந்தது. மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். இரண்டையும் சேர்த்தபோதும் பலன் கூடவில்லை. எடைக்குறைப்பில் சோர்ந்துபோனவர்கள் அறிந்திருக்க வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்ட குழுவினரின் எடை, குறிப்பிட்டுச் சொல்லத்தக்க அளவு குறையவே இல்லை. தராசில் ஏறி இறங்கி மட்டும் தம் முயற்சியை மதிப்பிட்டிருந்தால், அவர்கள் ஒவ்வொருவரும் தாம் தோற்றுவிட்டதாகவே முடிவு செய்திருப்பார்கள். அதே காலத்தில் அவர்கள் உடலுக்குள் இன்சுலின் மேலும் திறமையாக வேலை செய்துகொண்டிருந்தது.

இதனால் எடை ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிவிடுவது தவறாகும். அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002இல் முடிவு வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், பங்கேற்றவர்களுக்கு உடல் எடையில் 7 விழுக்காட்டைக் குறைப்பது இலக்காக வைக்கப்பட்டு, நோய் வாய்ப்பு 58 விழுக்காடு குறைந்தது; அதன் தரவுகளைப் பின்னர் அலசியபோது, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நோய் வாய்ப்பு 16 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. அதே அலசலில், எடை இலக்கை எட்டாமல் உடற்பயிற்சி இலக்கை மட்டும் எட்டியவர்களுக்கும் நோய் வாய்ப்பு 44 விழுக்காடு குறைந்திருந்தது. ஆக, எடை குறைந்தால் பலன் கூடுகிறது. எடை குறையாத மாதங்களிலும் நடையும் தட்டின் மாற்றமும் வீணாவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வதுதான் கடினம், ஏனெனில் முதலாவதைக் கண்ணாடியும் தராசும் காட்டுகின்றன. இரண்டாவதைக் காட்ட ரத்தப் பரிசோதனை வேண்டியிருக்கிறது.

எடை ஏன் ஒரு கட்டத்தில் இறங்க மறுக்கிறது என்பதற்கு உடலின் தற்காப்பே விடை. கொழுப்புத் திசு சுருங்கும்போது, வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்னும் ஹார்மோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் கூடுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் 50 பேருக்குப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவு கொடுத்து எடையைக் குறைத்த ஆய்வாளர்கள், ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்தபோதும் அந்த ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பாமலும் பசி கூடுதலாகவும் இருந்ததை 2011இல் பதிவு செய்தனர். எடையோடு சேர்ந்து உடலின் செலவும் சுருங்குகிறது. எடைக்குறைப்புப் போட்டியாக நடந்த அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் பங்கேற்ற 14 பேரைக் கெவின் ஹால் என்பவரின் குழு ஆறாண்டுகளுக்குப் பின் சோதித்தது. போட்டியில் சராசரியாக 58 கிலோ இழந்திருந்த அவர்கள் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தனர் என்பதோடு, ஓய்வாக இருக்கும்போது அவர்கள் உடல் எரிக்கும் ஆற்றல், அந்த எடைக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கிலோகலோரி குறைவாக இருந்தது. பயிற்சியாளர், மருத்துவர், பரிசுப்பணம், கேமரா என்று எல்லாத் தூண்டுதலும் இருந்தவர்களுக்கே இதுதான் கதி என்றால், ஷிஃப்ட் முடிந்து பஸ் பிடித்து வீடு வரும் ஒருவரிடம் மனவுறுதியைப் பற்றி உபதேசிப்பது பொருத்தமற்றது. எடைக்குறைப்புக்கென அண்மையில் இந்தியச் சந்தைக்கு வந்துள்ள ஊசி மருந்துகளும் இதையே வேறு வழியில் உறுதிப்படுத்துகின்றன: செமாக்ளூடைட் மருந்தை நிறுத்தியவர்கள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டுக்குள் திரும்பப் பெற்றனர்.

தராசு தரும் ஏமாற்றங்களில் பாதி, அது கொழுப்பை மட்டும் எடைபோடாததால் வருவது. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருப்பதால், சோற்றைக் குறைத்த முதல் வாரத்தில் அந்தச் சேமிப்பு கரையும்போது நீரும் சேர்ந்து வெளியேறி, இரண்டு கிலோ வரை இறங்கிவிட்டதாகத் தராசு காட்டுகிறது. அந்த வேகம் தொடரும் என்று நம்பியவருக்கு இரண்டாம் வாரமே முதல் பின்னடைவாகிவிடுகிறது. இதற்கு எதிர்த்திசையிலும் தராசு ஏமாற்றும். கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் சேர்ந்த ஒரு நாளின் உப்பு, மறுநாள் காலையில் உடலில் தேங்கும் நீராக ஒரு கிலோவைக் கூட்டிவிடக்கூடும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாள்களிலும் இதுவே நிகழும். அவ்வாறு கூடியது கொழுப்பு அன்று. இரண்டு மூன்று நாள்களில் தானே இறங்கிவிடும். அன்றாட எடையைப் பார்ப்பவர் ஏழு நாள் சராசரியை எழுதிவைத்து முந்தைய வாரத்தின் சராசரியோடு ஒப்பிடுவது இக்காரணத்தால்தான் பரிந்துரைக்கப்படுகிறது. ஒரு நாள் வலையில் விழுந்ததை வைத்துப் பருவத்தின் லாப நட்டத்தை எழுதாத படகுக்காரரின் கணக்குமுறை இங்கும் செல்லும். தையற்காரரின் நாடா இன்னும் நேர்மையான சாட்சி: தொப்புள் மட்டத்துக்குச் சற்று மேலே, மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்கும் இடுப்புச் சுற்றளவு இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது மேற்சொன்ன 2009 வரையறையின் பகுதி, எடை நிற்கும் மாதங்களில் இடுப்பு குறைவது உண்டு.

உடலின் தடைகளைக் காட்டிலும் விரைவாக முயற்சியை முறித்துப்போடுவது ஒரு மனக் கணக்கு. 1975இல் ஹெர்மன், மாக் என்னும் உளவியலாளர்கள் செய்த சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் முதலில் மில்க்‌ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்து மதிப்பிடச் சொன்னார்கள். கட்டுப்பாடு எதுவும் இல்லாதவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பின் இயல்பாகவே ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ மில்க்‌ஷேக் குடித்த பிறகு, அதைக் குடிக்காதிருந்த கட்டுப்பாட்டாளர்களைவிட அதிகமாக உண்டனர். இன்றைய நாள் எப்படியும் கெட்டுவிட்டது, இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம் அவர்களுக்குள் எழுந்தது என்பதே இதற்குத் தரப்பட்ட விளக்கம். காதுகுத்து வீட்டில் ஒரு பிளேட் பிரியாணி உண்டவர், அன்று மாலை டீக்கடையில் பஜ்ஜியும், இரவில் பரோட்டாவும் உண்டுவிட்டு, திங்கட்கிழமை புதிதாகத் தொடங்கலாம் என்று ஒத்திவைப்பதில் நிகழ்வது இதுவே; பிரியாணி செய்த கேடு சிறிது, அதைத் தொடர்ந்த நான்கு நாள்கள் செய்த கேடுதான் பெரிது. குடிப்பழக்கத்திலிருந்து மீள்வோரை ஆராய்ந்த ஆலன் மார்லட், ஜூடித் கார்டன் இருவரும் 1985இல் வெளியிட்ட நூலில், ஒரு முறை சறுக்குவதையும் பழைய நிலைக்கே முழுதாகத் திரும்புவதையும் இரண்டு வெவ்வேறு நிகழ்ச்சிகளாகப் பிரித்தார்கள். முதலாவது இரண்டாவதாக மாறுவது, சறுக்கியவர் அதற்கு என்ன காரணம் கற்பிக்கிறார் என்பதைப் பொறுத்தது: தன் குணமே அப்படித்தான் என்று நினைப்பவர் மேலும் சரிகிறார், அன்றைய சூழலைக் காரணமாகக் கண்டு அடுத்த முறை அதற்கு ஒரு வழி வகுப்பவர் நின்றுவிடுகிறார்.

ஒரு நாள் தவறினால் பழக்கமே உடைந்துவிடும் என்ற அச்சத்துக்கும் ஆதாரமில்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி 96 பேரை அன்றாடம் ஒரு புதிய செயலைச் செய்யவைத்து, அது தன்னியல்பாக நடக்கும் பழக்கமாக மாற எத்தனை நாளாகிறது என்று பார்த்தார். நடுமதிப்பு 66 நாள்கள் என்றாலும், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. இருபத்தொரு நாளில் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி, இருபத்திரண்டாம் நாள் காலையில் எழுந்து நடக்கக் கால் வராததைக் கண்டு மனமுடைபவர்கள் இந்த எண்களை அறிந்திருப்பது நல்லது.

வெற்றியே பின்னடைவாக மாறும் விந்தையும் எண்ணூர்ப் பகுதியில் உண்டு. மேலைநாட்டு நூல்கள் எடை குறைந்தவருக்குக் கிடைக்கும் பாராட்டை ஒரு பெரிய ஊக்கியாகக் கொள்கின்றன, வடசென்னைத் தெருவிலோ இளைத்தவரைப் பார்த்ததும் எழும் முதல் கேள்வி, "இன்னாக்கா, இப்டி எளச்சுட்ட, சுகரு வந்துடுச்சா?" என்பதுதான். காசநோயையும் சர்க்கரை நோயையும் நெருக்கத்தில் கண்ட சமூகம் மெலிவை நோயின் அறிகுறியாகப் படிப்பதில் வியப்பில்லை. முயற்சி எதுவும் இல்லாமல் எடை குறைந்தால் உடனே பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதால் அந்தக் கேள்வியில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஆனால் நான்கு மாத உழைப்பில் ஐந்து கிலோ குறைத்த ஒரு பெண் அதை வாரம் மூன்று முறை கேட்க நேர்ந்தால், மாமியார் தட்டில் வைக்கும் இன்னொரு கரண்டிச் சோற்றை மறுக்கும் துணிவு அவரிடம் குறைந்துபோகும். பெண்களின் நிலையில் வேறொரு சிக்கலும் சேர்கிறது. எல்லோரும் உண்ட பிறகு கடைசியில் உண்பவர் அவர். பானையில் மிஞ்சியது வீணாகக்கூடாது என்பது அவருடைய தட்டின் அளவை முடிவு செய்கிறது. அளவை அவர் தீர்மானிக்க வேண்டிய இடம் சாப்பாட்டு நேரமன்று, காலையில் அரிசி அளக்கும் நேரம். உலையில் போடும் அரிசியில் கைப்பிடி குறைந்தால் மிச்சமும் குறையும். குழம்பில் மீனும் காயும் அந்த இடத்தை நிரப்பினால் பசியும் அடங்கும். இந்தியர்களின் உணவில் மாவுச்சத்தின் பங்கு மிகுந்தும் புரதத்தின் பங்கு குறைந்தும் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுகள் சுட்டுகின்றன. கரையிலேயே மத்தியும் நெத்திலியும் கிடைக்கும் ஊருக்கு அந்தக் குறையைத் தீர்ப்பது மற்ற ஊர்களைவிட எளிது, எண்ணெயில் பொரிப்பதைவிடக் குழம்பாக்குவது வழக்கமாக இருக்கும்வரை.

தூக்கம் இதில் மறைந்திருக்கும் பங்காளி. விடியலுக்கு வெகுமுன் படகு இறக்குபவருக்கும், ஆலையிலோ துறைமுகத்திலோ வாரம் மாறி வாரம் நைட் ஷிஃப்ட் பார்ப்பவருக்கும் உறக்கம் துண்டு துண்டாகவே கிடைக்கிறது. சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டும் உறங்கவிட்டு 2004இல் செய்யப்பட்ட சிறிய ஆய்வில், லெப்டின் 18 விழுக்காடு குறைந்து கிரெலின் 28 விழுக்காடு கூடியது. அதே நகரில் 2022இல் வெளியான மற்றொரு ஆய்வில், குறைவாக உறங்கும் பழக்கமுள்ள மிகை எடை கொண்டவர்களை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் கூடுதலாக உறங்கவைத்ததும், யாரும் சொல்லாமலே அவர்கள் நாளொன்றுக்கு 270 கிலோகலோரி குறைவாக உண்டனர். நைட் ஷிஃப்டின் மூன்றாம் மணி நேரத்தில் சர்க்கரை மிகுந்த டீயையும் பிஸ்கட்டையும் கை தேடுவது உடலின் வேண்டுகோள். அந்த வாரங்களில் எடையைக் குறைப்பதை விட்டுவிட்டு, இருக்கும் எடையைக் கூடாமல் காப்பதை மட்டும் இலக்காக வைத்துக்கொள்வது தோல்வியாகாது.

நடப்பதற்கு இடம் எங்கே என்ற கேள்விக்கு இக்கரையின் வரலாறு கசப்பான விடையைத் தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டபோது, தெற்கிலிருந்து வடக்கு நோக்கிக் கடலோட்டம் கொண்டுசெல்லும் மணல் அச்சுவர்களில் தடைப்பட்டுத் தென்புறத்தில் குவிந்தது, மெரினா அகன்றது. வடபுறத்துக்கு வர வேண்டிய மணல் வராமல் போக, ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிய கரை அரிக்கப்பட்டு, வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் போயின. இன்று அக்கரையின் பெரும்பகுதியைக் காப்பது பாறாங்கல் தடுப்பு. நகரின் தென்பகுதியினர் காலையில் நடக்கும் மணற்பரப்பும், வடபகுதியினருக்கு நடக்க இல்லாமல் போன மணற்பரப்பும் ஒரே கட்டுமானத்தின் இரு விளைவுகள். கல் தடுப்பை ஒட்டிச் செல்லும் எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே நடைப்பயிற்சி செய்யச் சொல்வது ஆபத்தான அறிவுரை. மக்கள் நாளும் நடப்பதை ஊக்குவிக்கத் தமிழ்நாடு அரசு 2023 நவம்பர் 4ஆம் நாள் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வகுக்கப்பட்டது பாராட்டத்தக்கதே. சென்னைக்கான பாதை அமைந்தது பெசன்ட் நகர்ப் பகுதியில், எண்ணூரிலிருந்து நகரின் மறுகோடியில்.

சில பின்னடைவுகள் வானத்திலிருந்தும் ஆலைகளிலிருந்தும் வருகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து கலந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்து படகுகளையும் வலைகளையும் பூசியது. மீனவர்கள் வாரக்கணக்கில் தொழிலுக்குப் போக முடியவில்லை. அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, உறங்கிக்கொண்டிருந்த குப்பங்கள் எழுந்து ஓட நேர்ந்தது. வருமானம் நின்றுபோன மாதத்தில் தட்டில் முதலில் குறைவது மீனும் காயும். கூடுவது ரேஷன் அரிசியும் கவலையும். அத்தகைய காலங்களில் எடை கூடிவிட்டதை ஒழுக்கக் குறைவாகக் கணக்கெழுதுவது அநியாயம் மட்டுமன்று, மீண்டும் தொடங்கும் வாய்ப்பையே அது கெடுக்கிறது.

இவ்வளவுக்கும் இடையே முயற்சியைத் தொடரவைப்பவை பெரும்பாலும் சிறிய ஏற்பாடுகளே. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் தொகுத்துக் காட்டியதன்படி, எடை குறைக்கப் போகிறேன் என்ற பொது எண்ணத்தைவிட, இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே இடமும் நேரமும் குறித்துவைத்த தீர்மானம் கூடுதலாக நிறைவேறுகிறது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்ப்பதும், மாசி மகத்துக்கு உறவினர் கூடுவதும் எதிர்பாராத நிகழ்ச்சிகள் அல்ல, தேதி தெரிந்தவை. அன்று கட்டுப்பாடு இல்லை, மறுநாள் காலை வழக்கமான நேரத்தில் வழக்கமான நடை என்று முன்பே முடிவு செய்துவைத்தவருக்கு விருந்து ஒரு சறுக்கலே ஆகாது. நினைவூட்டலும் துணைசெய்கிறது: ராமச்சந்திரனின் குழு நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த, வேலைக்குச் செல்லும் 537 ஆண்களைக் கொண்டு 2013இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் பற்றிய குறுஞ்செய்திகளைச் செல்பேசியில் தொடர்ந்து பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கும், பெறாதவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் இரண்டாண்டுகளில் நீரிழிவு வந்தது.  அக்கா தங்கை இருவர், அல்லது ஒரே ஷிஃப்டில் வேலைசெய்யும் நால்வர், ஒருவருக்கொருவர் அன்றாடம் அனுப்பிக்கொள்ளும் குரல் செய்தியும் அந்த வேலையைச் செய்யக்கூடும். அமெரிக்காவில் 13.6 கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்துவருபவர்களை 1994 முதல் பின்தொடரும் பதிவேட்டில், நான்கில் மூவர் வாரம் ஒரு முறையாவது எடை பார்க்கின்றனர். பத்தில் ஒன்பது பேர் நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலுக்கு வேலை கொடுக்கின்றனர். தாமாக முன்வந்து பதிந்தவர்கள் என்பதால் அவர்களை எல்லோருக்கும் அளவுகோலாக்க முடியாது. ஆனாலும் எடையைத் தக்கவைக்கும் கட்டத்துக்கு நடையும் துணைநிற்கிறது என்ற குறிப்பு அதில் இருக்கிறது.

சர்க்கரை நோய்க்கு ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சோற்றைச் சட்டென்று குறைத்தால், மருந்தின் அளவு பழையபடியே இருக்க, ரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். ஆகவே தட்டை மாற்றும் முன் மருத்துவரிடம் மருந்தளவைச் சரிபார்க்க வேண்டும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதால், அதற்கென ஒரு நாள் கூலியை இழக்கவேண்டிய கட்டாயம் பலருக்குக் குறைந்திருக்கிறது. வசதி உள்ள இடத்தில் ஹெச்பிஏ1சி என்ற பரிசோதனையையும் செய்துகொள்வது நல்லது. ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியுள்ள சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலையை ஒரே எண்ணாக அது காட்டுகிறது. எடை அசையாமல் நின்ற காலத்தில் நடந்த நடையெல்லாம் அந்த எண்ணில் இறங்குமுகமாகத் தெரியக்கூடும், காதுகுத்து வீட்டில் உண்ட ஒரு பிளேட் பிரியாணியோ அதில் அடையாளமே தெரியாது.